முதுகில் வந்த முகம்

சம்பூர்ணம் எதை வேண்டுமானாலும் அச்சடிப்பாள், ஆள் முகத்தை மட்டும் அடிக்க மாட்டாள். பள்ளிக்கூடப் பெயரா, கொடு. கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு மஞ்சள் பனியனா, கொண்டா. ஷூ கம்பெனி விளையாட்டு விழாவா, நாளை மறுநாள் வந்து வாங்கிக்கொள். ஆனால் செத்துப்போன ஒருவரின் போட்டோவை நீட்டி, "முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு இருபது டி-ஷர்ட் வேணும்க்கா" என்று யாராவது வந்தால், மை ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே, "வேலூர் போ, அங்க நல்லா அடிப்பாங்க" என்று வாசலோடு அனுப்பிவிடுவாள். ஆம்பூரில் இது தெரிந்த சங்கதிதான். காரணமும் தெரியும் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவள், அதனால் அப்படி என்று. அதில் பாதிதான் சரி.

பிள்ளையின் பெயர் இளம்பரிதி. போன பங்குனியில், இருபத்து மூன்று வயதில், ஹைவேயில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது தலையிலிருந்து தாடை வரை துணி சுற்றியிருந்தது. "பாக்க வேணாம் சம்பூர்ணம், சொன்னா கேளு" என்று நாலு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக் கூடத்துக் கண்ணாடியின் மேல் ஒரு துண்டு தொங்குகிறது. அவள் தலை வாருவது, பொட்டு வைப்பது எல்லாம் கைத்தடவலில்தான். அவள் புருஷன் சீனிவாசன் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்ப்பவர். அவர் அந்தத் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. முகம் மழிப்பதை வேலையிடத்திலேயே வைத்துக்கொண்டார்.

இந்தப் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆல்வின் வந்து வாசலில் நின்றான். இளம்பரிதியோடு ஒரே டீமில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடியவன், இப்போது டீமுக்குக் கேப்டன். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா அங்கேயே நிக்கிற? உள்ள வா."

"இல்லம்மா, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ஞாயித்துக்கெழமை பாலாத்துல பரிதி பேர்ல டோர்னமெண்ட் வச்சிருக்கோம். ஒரு வருஷம் ஆவுதுல்ல. நாங்க பதினஞ்சு பேரும் அவன் மூஞ்சி போட்ட டி-ஷர்ட் போட்டுக்கிறோம். வேலூர்ல குடுத்து அடிச்சிக்கிறோம்மா. வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான்…"

வேறு நாளாக இருந்தால் சரிப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பாள். அன்று என்னவோ, கையை நீட்டினாள்.

"எந்த போட்டோ? காட்டு."

ஆல்வின் போனைக் கொடுத்தான். சம்பூர்ணம் வாங்கிப் பார்த்தாள். சிவந்த உதடு, சந்தனம் பூசியது போன்ற கன்னம், இரண்டு பக்கமும் வில்லாக வளைந்த புருவம். சினிமா போஸ்டரிலிருந்து வெட்டி எடுத்த பையன் மாதிரி ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யாருடா இது?"

"பரிதிதாம்மா. கொஞ்சம் பளிச்சுனு இருக்கட்டும்னு எடிட் பண்ணிருக்கோம்."

"என் புள்ள கருப்புடா." அவள் குரல் உயர்ந்துவிட்டது. "அவன் புருவத்துல வெட்டு எங்க? எடது புருவம் ரெண்டா பிரிஞ்சிருக்குமே, எட்டு வயசுல தொட்டியில விழுந்து? அதையும் அழிச்சிட்டீங்களா? செத்தவனுக்கு வெள்ளையடிக்கிறீங்களாடா?"

ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்டி என்ன பயன்? ஊரில் எந்தக் கண்ணீர் அஞ்சலி பேனரை வேண்டுமானாலும் பாருங்கள், செத்தவர்கள் எல்லோரும் இரண்டு படி சிவந்துதான் இருப்பார்கள். உயிரோடிருந்தபோது கருவாயா என்று கூப்பிட்டவர்களே, போன பிறகு அப்படி அழகு பார்ப்பார்கள்.

"டி-ஷர்ட்டெல்லாம் இங்க கொண்டாந்து போடு" என்றாள் சம்பூர்ணம். "எடிட் பண்ணாத போட்டோவா அனுப்பு. நான் அடிக்கிறேன்."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. நாக்கு முந்திக்கொண்டது. அவள் நாக்கு அப்படித்தான். அந்த நாக்கால்தான் எல்லாமே.

யாருக்கும் தெரியாத மீதிப் பாதி இதுதான். சம்பூர்ணம் பதினெட்டு வருஷம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள். ஷூவுக்குள் பாதம் படும் தோல் அட்டையில் கம்பெனி பெயர் பொன்நிறத்தில் இருக்கும் பாருங்கள், அதை ஸ்கிரீன் வைத்து அடிக்கிற வேலை. அச்சுத் தொழிலை அங்கேதான் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டிலேயே சொந்தமாக ஆரம்பித்தாள். அந்த மரியாதையில் சூபர்வைசரைப் பிடித்து மகனுக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்திருந்தாள். அவனோ மேட்ச் என்றால் ஷிப்ட்டை மறந்துவிடுவான். மூன்றாவது தடவையாக அவன் போகாமல் விட்டபோது, சூபர்வைசர் போன் செய்து அவளை ஒரு பிடி பிடித்துவிட்டார். போனை வைத்த கையோடு அவள் கூடத்துக்கு வந்தாள். அவன் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. முகம் கண்ணாடிக்குள் இருந்தது.

"மானத்த வாங்கிட்டியேடா பாவி. இனிமே என் மூஞ்சில முழிக்காத!"

எத்தனை அம்மாக்கள் வாயில் தினமும் வருகிற வார்த்தை. எந்தப் பிள்ளை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறான்? அவன் கண்ணாடிக்குள்ளிருந்தே சிரித்தான்.

"சரி, முழிக்கல போ" என்றான். சீப்பை வைத்தான். திரும்பிப் பார்க்காமலே பின்வாசல் வழியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பதினோரு மணிக்குத் தகவல் வந்தது.

சொன்னபடி செய்துவிட்டான். துணி சுற்றிய முகத்தோடு வந்தவன், கடைசிவரை அவள் முகத்தில் முழிக்கவே இல்லை. இதைச் சம்பூர்ணம் சீனிவாசனிடம்கூடச் சொன்னதில்லை. போட்டோவில் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். போட்டோவை எடுத்தாலே அந்தக் குரல் கேட்கும், உடனே கவிழ்த்து வைத்துவிடுவாள். ஒரு வருஷத்தில் அவன் முகம் அவளுக்குள் மங்கத் தொடங்கியிருந்தது. மூக்கு எப்படி, காது எப்படி என்று தனித்தனியாகத் தெரியும், சேர்த்துப் பார்த்தால் வராது. அந்தப் பயம்தான் அன்று அவள் நாக்கை முந்த வைத்தது. இந்த ஒரு தடவை அவன் நிறத்தில், அவன் வெட்டோடு, அவனை அவனாகவே கொண்டுவந்துவிட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் அவன் சொன்னது சொன்னதாகவே இருந்துவிடும்.

புதன்கிழமை வேலையை ஆரம்பித்தாள். ஆல்வின் சோதனைக்கு ஒன்று சேர்த்துக் கொண்டுவந்த பதினாறும் ரத்தச் சிவப்பில் பாலியஸ்டர் துணி. அடர் நிறத் துணியில் நேரடியாக வேறு நிறம் அடித்தால் துணியே அதைக் குடித்துவிடும், ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் வெள்ளையில் ஒரு அடித்தளம் அடிப்பார்கள். பேஸ் என்று பெயர். அதை ஹீட்டரில் காட்டித் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவைத்து, அதன்மேல்தான் நிறங்கள். தெரிந்த வேலைதான், ஆயிரம் தடவை செய்ததுதான். ஆனால் முதல் துணியில் பேஸ் அடித்து, ஸ்கிரீன் கட்டிய பிரேமைத் தூக்கியவள் அப்படியே பின்வாங்கினாள்.

வெள்ளையாக ஒரு முகம். கண்மணி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. மூக்கில்லை, வாயில்லை, நிறமில்லை. அன்றைக்கு அந்தத் துணியை அவிழ்த்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைப்பு ஓடியது.  பிறகு ஹீட்டரை இழுத்து அதன் மேல் காட்டினாள்.

பழுப்பை ஏற்றினாள். வந்தது யார் என்கிறீர்கள்? ஆல்வின் போனில் இருந்த அதே சந்தனப் பையன். டப்பாவில் பார்க்கும்போது மகனின் நிறமாக இருந்த மை, வெள்ளையின் மேல் ஏறியதும் வெளுத்துப் போயிற்று. அடியில் வெள்ளை இருந்தால் மேல் நிறம் கூடுதலாகப் பளிச்சிடும், அது தெரிந்ததுதான். இருந்தாலும் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"செத்தும் ஏன்டா இப்படி சிவப்பாவுற?" என்று துணியைப் பார்த்தே கத்தினாள்.

அந்தத் துணியைச் சோதனைக்கென்று வைத்துக்கொண்டாள். மையில் கருப்பைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தாள். கொஞ்சம் ஜாஸ்தியானால் கரி பூசிய மாதிரி, கம்மியானால் மறுபடியும் பேனர் மாதிரி. ஹீட்டரில் இரண்டு நொடி குறைந்தால் பேஸ் ஈரமாக இருந்து, வெள்ளை மேலே கலந்து நிறம் பால் விட்டதுபோல் ஆனது. நாலு தடவை துடைத்து, ஐந்தாவது தடவை பேஸை மெல்லிசாக இழுத்து, சரியாகக் காயவிட்டு, மேலே புது மையையும், கண், புருவம், முடிக்குக் கருப்பையும் போட்டாள். பிரேமைத் தூக்கினாள்.

அவன்தான். வெயிலில் நாள் முழுக்க ஆடிவிட்டு, எண்ணெய் வழியும் முகத்தோடு தண்ணீர் கேட்டு வந்து நிற்பானே, அந்த நிறம். கண்ணின் வெள்ளையும் பல்லின் வெள்ளையும் அடியிலிருந்த பேஸே வெளியே தெரிவதால் பளீரென்று இருந்தன. இடது புருவத்தில் அந்த வெட்டு. சம்பூர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள் என்று பிற்பாடு தன் தோழி ஜஹீருன்னிசாவிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் பத்து அடித்தாள். அங்கேதான் வினை வந்தது. ஷூ கம்பெனியில் அட்டைகள் அச்சாகி வரும்போதே பத்துப் பத்தாக அடுக்கி, நாடா போட்டுக் கட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு நகர்த்திவிட வேண்டும். மேஜையில் ஒன்று தனியாகக் கிடந்தால் சூபர்வைசர் கத்துவார். பதினெட்டு வருஷப் பழக்கம் கையில் ஊறிப்போய்விட்டது. தோலுக்கு அது ஒன்றும் செய்யாது. வழக்கமாக அவள் அடிக்கும் பருத்தி பனியனுக்கும் சாதாரண மைக்கும் இதுவரை ஒன்றும் செய்ததில்லை. அன்று ஹீட்டர் சூடு ஆறாமலே முகம் மேலே தெரியும்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள், நாடாவால் கட்டினாள், கவரில் போட்டு மூடினாள். மீதி ஐந்தை நாளைக்கு என்று வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை, சீனிவாசன் ரயிலுக்குக் கிளம்பிய பிறகு, கட்டை அவிழ்த்தாள்.

மேலே இருந்த முகம் மாறியிருந்தது. கன்னம் செம்பு நிறத்தில் ரத்தம் ஏறி நின்றது. கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை, ரோஸ் நிறம். விடிய விடிய அழுத கண்போல இருந்தது. பல்லிலும் ரத்தம் கசிந்த மாதிரி. நேற்று சிரித்தவன் இன்று கோபித்துக்கொண்டு நின்றான்.  அடுத்ததை எடுத்தாள், அதுவும் அப்படியே. பத்தும் அப்படியே.

அவசரத்தில் ஒன்றைப் புரட்டிப் போட்டாள். அதன் முதுகில் அவள் ஒன்றுமே அடிக்கவில்லை. வெறும் சிவப்புத் துணி. அந்த வெறும் துணியில் மெல்லிசாக, நீராவி படிந்த மாதிரி, வெளிறிப்போய் ஒரு முகம் இருந்தது.

"அம்மாடியோ!" என்று அலறிவிட்டாள்.

ஓடிப் போகத்தான் தோன்றியது. ஆனாலும் குனிந்து பார்த்தாள். அதே சிரிப்பு, அதே நெற்றி. ஆனால் எதுவோ சரியில்லை. எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புருவத்தின் வெட்டு இடம் மாறியிருந்தது. முன்பக்கத்து முகத்தில் பார்க்கிறவர்களுக்கு வலப்பக்கம் தெரிகிற வெட்டு, இதில் இடப்பக்கம் தெரிந்தது. வகிடும் மாறியிருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு முதுகுக்கு அப்பால், கண்ணாடிக்குள், சீப்பும் கையுமாக. கடைசியாகப் பார்த்த முகம் அதுதான். இப்போது அதே முதுகில் வந்து நின்று, அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒரு வருஷமாகக் காதில் கேட்டுக்கொண்டே இருந்த குரல், இப்போது அறைக்குள்ளேயே கேட்டது. சரி, முழிக்கல போ.

 பிறகு போனை எடுத்து ஜஹீருன்னிசாவைக் கூப்பிட்டாள்.

ஜஹீருன்னிசா ஷூ கம்பெனியில் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவள். இப்போது பஜாரில் மைக்கடை வைத்திருக்கிறாள். இந்த வெள்ளை மையும் அவள் கடையில் வாங்கியதுதான். சம்பூர்ணத்தின் குரலைக் கேட்டதும் கடையை அப்படியே தம்பியிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். துணியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் காட்டி, மூக்குக்கிட்ட கொண்டுபோய், விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"பாலியஸ்டரா?"

"ஆமா."

"அடிச்சிட்டு இன்னா பண்ண?"

"அடுக்கி வச்சேன்."

"பத்துப் பத்தா?"

சம்பூர்ணம் தலையாட்டினாள்.

"சூட்டோடவா? கட்டு கட்டினியா? கவர் வேற போட்டியா?" ஜஹீருன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! இன்னும் அந்தக் கம்பெனிக் கட்டு உன் கைய விடலியா? இந்தத் துணியில இருக்கிற செவப்பு சாயம் இருக்குதே, சூடு பட்டா ஆவியா கெளம்பும். கெளம்பி வெள்ளையில ஏறிக்கும். அடிக்கிறப்ப தெரியாது, பொறுமையா ஏறும். நீ கவர் போட்டு மூடி வேற வச்சிருக்க, கேக்கணுமா? அதான் கண்ணெல்லாம் செவந்து கெடக்குது."

"இது?" சம்பூர்ணம் முதுகைக் காட்டினாள்.

"பாலியஸ்டருக்குன்னு நீ கேட்டு வாங்கின வெள்ளை இல்ல இது? அந்தச் சாயத்த அடக்கறதுக்கு இதுல ஒரு மருந்து இருக்குது. சூடு ஆறாம ஒண்ணு மேல ஒண்ணு வச்சா, மேல கெடக்கிற துணியோட சாயத்தையும் அது தின்னுடும். கீழ இருந்த மூஞ்சி மேல இருக்கிற துணி முதுகுல பதிஞ்சிருக்குது. அதான் திரும்பித் தெரியுது. கட்டுல ஆகக் கடைசியா அடியில இருந்தத எடு பாக்கலாம், அதுல இருக்காது."

எடுத்துப் பார்த்தார்கள். அடியில் மேஜையைத் தொட்டுக்கொண்டு இருந்த துணியின் முதுகு சுத்தமாக இருந்தது. மற்ற ஒன்பதிலும் முகம். சம்பூர்ணத்துக்குப் புரிந்தது. பதினெட்டு வருஷம் மையோடு புழங்கியவளுக்கு இது புரியாதா? புரிந்தும் நெஞ்சு அடங்கவில்லை.

"நான் அவன அன்னிக்கு மூஞ்சில முழிக்காதன்னு சொல்லிட்டேன் ஜஹீரு" என்றாள் திடீரென்று.

கண்ணாடி, சீப்பு, சிரிப்பு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கேட்டுக்கொண்டிருந்த ஜஹீருன்னிசா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மடியில் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்லுவாள் என்று சம்பூர்ணம் எதிர்பார்த்தாள். அவளோ, "யா அல்லா, இத வச்சிக்கிட்டாடி ஒரு வருஷம் சோறு தின்ன?" என்று கேட்டுவிட்டு விக்கி விக்கி அழ ஆரம்பித்தாள். கடைசியில் சம்பூர்ணம்தான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது.

அழுது முடித்ததும் ஜஹீருன்னிசா எழுந்தாள். "பேஜார் புடிச்சவளே, ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் நாள் இருக்குது. இந்தப் பத்தும் போச்சு, விடு. புது துணி கொண்டாரச் சொல்லு. கடையில சாம்பல் கலர் பேஸ் இருக்குது, அத மொதல்ல போடு. செவப்பு அதத் தாண்டி வராது. ஹீட்டர தூக்கி வையி, சூடு கம்மியா காட்டு. அடிச்சது ஒவ்வொண்ணும் தனித்தனியா கொடியில தொங்கணும். அடுக்கினேன்னு தெரிஞ்சுது, கைய ஒடிச்சிடுவேன்."

ஆல்வின் அன்றே வேலூருக்குப் போய் அதே சிவப்பில் பத்து வாங்கி வந்தான். ஏன் என்று கேட்கவில்லை, நல்ல பையன். வெள்ளிக்கிழமை முழுக்க சம்பூர்ணம் அடித்தாள். சாம்பலில் ஒரு முகம் வந்தது. அதைப் பார்க்கவும் கஷ்டமாகத்தான் இருந்தது. எரிந்து முடிந்ததும் மிஞ்சும் நிறம் அல்லவா? அதன்மேல் மெல்லிசாக வெள்ளை, அதன்மேல் பழுப்பு, கடைசியில் கருப்பு. அடியில் சாம்பல் வந்ததால் மேல் நிறம் ஒரு மாற்று இருண்டது. கலந்து வைத்திருந்த மையில் கருப்பைக் குறைத்துச் சரிக்கட்டினாள். ஒவ்வொன்றையும் கொடியில் தொங்கவிட்டு, கையால் தொட்டுச் சூடு ஆறியதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனாள். இரண்டு தடவை கை தானாக அடுக்கப் போயிற்று. "ச்சீ, கையே" என்று தானே அதைத் தட்டிவிட்டாள்.

சீனிவாசன் வீடு திரும்பியபோது கூடம் முழுக்கக் கொடி கட்டி, பதினைந்து மகன்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு குனிந்து, எந்த முகத்திலும் தலை இடிக்காமல், கொடிகளுக்கு அடியில் நடந்து உள்ளே போனார். சனிக்கிழமை காலை இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். கண் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அன்று சாயங்காலமும் பார்த்தார்கள். மாறவில்லை.

"கருப்பா அழகா இருக்கான்" என்றார் சீனிவாசன். ஒரு வருஷத்தில் மகனைப் பற்றி அவர் வாய்திறந்து சொன்னது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பாலாற்று மணலில் பந்தல் போட்டிருந்தார்கள். சம்பூர்ணம் வர மாட்டாள் என்று நினைத்தார்கள், வந்துவிட்டாள். பந்தலுக்குள் உட்காராமல் எல்லைக் கோட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். டீம் இறங்கியது. பதினொரு மார்பில் ஒரே முகம். எங்கே திரும்பினாலும் அவன் நின்றான், ஓடினான், குனிந்து முட்டியில் கை வைத்துக்கொண்டான். மூன்றாவது ஓவரில் பந்து அவள் நின்ற பக்கம் உருண்டு வந்தது. ஆல்வின் அதைத் துரத்திக்கொண்டு வந்தான். இளம்பரிதியின் முகம் நேராக அவளை நோக்கி ஓடி வந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மூடவில்லை. இரண்டடி தூரத்தில் வந்து நின்று, மூச்சு வாங்கி, பந்தை எடுத்து எறிந்துவிட்டு, திரும்பி ஓடியது. திரும்பியபோது ஆல்வினின் முதுகை அவள் பார்த்தாள். வெறும் சிவப்பு. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றமாக இருந்ததே என்று பயமாகவும் இருந்தது.

மேட்ச் முடிந்ததும் ஆல்வின் வந்தான். "அந்தப் பாழாப்போன பத்தையும் இன்னா பண்றதும்மா? நான் வேணா எடுத்துட்டுப் போய் கொளுத்திடட்டுமா?"

"ஜஹீரு மை தொடைக்க எடுத்துட்டுப் போயிட்டா" என்றாள் சம்பூர்ணம்.

அதுவும் பாதிதான் சரி. அவள் எடுத்துப் போனது ஒன்பது. நாலு முகமாவது கையில் மிஞ்சட்டும் என்று கேட்டிருந்தாலும் ஜஹீருன்னிசா கொடுத்திருப்பாள். ஆனால் சம்பூர்ணம் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டாள். கட்டின் நடுவிலிருந்து, முதுகில் வெட்டு தெளிவாகத் தெரிந்த ஒன்று. "தண்ணியில போடாத. இது அப்படியே நிக்குமா, போவப் போவ மங்குமான்னு எனக்கே தெரியாது" என்று சொல்லித்தான் ஜஹீருன்னிசா அதைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் கண்ணாடியின் மேல் தொங்கிய துண்டை எடுத்துவிட்டாள். அதே ஆணியில், முதுகுப்பக்கம் வெளியே தெரியும்படி அந்தச் சட்டையை மாட்டினாள்.

திங்கட்கிழமை விடிந்து, வெளிச்சம் கூடத்துக்குள் வந்த பிறகு எழுந்தாள். கண்ணைத் திறக்கவில்லை. ஒரு வருஷமாகத் தலை வாரிப் பழகிய கைத்தடவலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெஞ்சு, ஜன்னல், நாள்காட்டி, பிறகு அந்த இடம். துணி கையில் பட்டதும் ஓரடி பின்னால் வந்து நின்றாள்.

"நீ என் மூஞ்சில முழிக்க வேணாம்டா" என்றாள். "நான் உன் மூஞ்சில முழிக்கிறேன்."

கண்ணைத் திறந்தாள். வெளிறிப்போய், இடம் மாறிய வெட்டோடு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நேற்றைக்கு இன்று கொஞ்சம் மங்கியிருக்கிறதா, இல்லை தன் கண்தான் அப்படிச் சொல்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சமையல்கட்டிலிருந்து சீனிவாசன் டீ ஆறுகிறது என்று கூப்பிட்டார். இதோ வர்றேன் என்று சொல்லிவிட்டு, அவள் அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.